நோட்டீஸ் வாங்க ஓர் ஆள்

ஒரு மேட்சிங் சென்டர் நடத்த என்னென்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். லைனிங் துணி வேண்டும், ஃபால்ஸ் வேண்டும், சிவப்பிலேயே முப்பது வகைச் சிவப்பு வேண்டும், அத்தனையும் எடுத்துக் காட்டிய பிறகு “இதுலயே இன்னும் கொஞ்சம் டார்க்கா இல்லியா?” என்று கேட்பவர்களிடம் முகம் கோணாமல் இருக்கத் தெரிய வேண்டும். தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நானும் ரூபீனாவும் இத்தனையும் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். எங்களிடம் ஒன்று குறைகிறது என்பது எங்களுக்கே தெரியாது. எங்களுக்கு வரும் நோட்டீஸை எங்களுக்குப் பதிலாக வாங்கிக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை.

என் பெயர் இசக்கியம்மாள். ஊர் தூத்துக்குடிப் பக்கம், கட்டிக்கொண்டு வந்தது சென்னைக்கு. ரூபீனா ராயப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் கவுண்டரில் துணி கிழிப்பேன், அவள் மிஷினில் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள். கடையை முறைப்படி கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்தால் நல்லது என்று வங்கி மேனேஜர் சொன்னார். செய்தோம். அன்றைக்குப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் லட்டு வாங்கிக் கொடுத்தேன். சனியன் வந்து பிடித்ததற்கு யாராவது லட்டு கொடுப்பார்களா? நான் கொடுத்தேன்.

ஆடி முடிந்து கல்யாணப் புடவைகள் வந்து குவியத் தொடங்கிய சமயம். தோளில் பையோடு ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். பெயர் வலியுல்லா, நிறுவன முகவர் ஆணையத்தில் நோட்டீஸ் கொடுக்கும் ஊழியராம்.

“ஏஜென்ட் கீறாராக்கா?”

“என்ன ஏஜென்ட்?”

“உங்க கம்பெனி பேருக்கு நோட்டீஸ் வந்துக்கீது. வாங்கறதுக்கு ஏஜென்ட் வேணும்.”

“நாந்தாங்க ஓனர். கொடுங்க.”

நான் நீட்டிய கையைப் பார்த்ததும் அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார். “ஐயோ, ஓனர்லாம் வாங்கக்கூடாதுக்கா. என் வேலை பூடும்.”

“சரி, கொடுக்க வேண்டாம். அதுல என்னதான் எழுதியிருக்கு?”

“உங்களுக்கு ஏஜென்ட் இல்லன்னு.”

“அதான் இப்ப சொல்லிட்டீங்களே! எனக்குத் தெரிஞ்சு போச்சே!”

“தெரிஞ்சிக்கிறது வேற, வாங்கிக்கிறது வேறக்கா. நீங்க ஒரு ஏஜென்ட்ட போடுங்க. நான் வந்து அவராண்ட இத்த குடுக்கறேன்.”

ரூபீனா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நோட்டீஸைப் பத்திரமாகப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏஜென்ட் இல்லை என்று சொல்லும் நோட்டீஸை வாங்க ஏஜென்ட் வேண்டும். இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். ரூபீனா தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டாள்.

ஆணையம் அடையாறில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. துணை ஆணையர் ராம்குமார் எங்களை உட்காரச் சொன்னார். அரசாங்க அலுவலகத்தில் உட்காரச் சொன்னதும் நான் உருகிப் போய்விட்டேன். பேச்சு நீளமாக வரப்போகிறது, நின்றால் மயங்கி விழுவோம் என்பதற்காகத்தான் உட்காரச் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது.

“நிறுவனம்னா என்ன? சட்டப்படி ஒரு நபர்” என்று தொடங்கினார். “ஆனா அந்த நபருக்குக் கை கிடையாது. கை இல்லாத நபருக்கு நோட்டீஸை எப்படிக் கொடுக்கிறது?”

ரூபீனா இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினாள். “இதோ கீதே சார்.”

“அது உங்க கைம்மா. நிறுவனத்தோட கை இல்ல.”

“நாங்க ரெண்டு பேருந்தான் சார் நிறுவனமே. காலைல தொறந்தா பூட்டற வரைக்கும் அங்கதான் குந்திக்கினு இருக்கோம்.”

“இருக்கீங்க. ஆனா சும்மா இருக்கீங்களா? வேலை பார்க்கிறீங்க!” திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி விரலை நீட்டினார். “நோட்டீஸ் வர்ற நேரம் நீங்க துணி கிழிச்சிட்டு இருப்பீங்க. ‘ஒரு நிமிஷம் இருங்க’ன்னு சொல்லுவீங்க. அரசாங்கத்தோட நோட்டீஸ் காத்துக்கிட்டு நிக்கணுமா? அது மட்டும் இல்ல. ஓனர்னா உணர்ச்சி இருக்கும். நோட்டீஸைப் படிச்சுப் பார்ப்பாங்க, கோபப்படுவாங்க, ஏன்னு கேட்பாங்க. முகவருக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்ல. அலுவலக நேரம் முழுக்க, ஒரே முகவரியில, ஒரு வேலையும் பார்க்காம உட்கார்ந்திருக்கணும். வந்ததை வாங்கணும். அவ்வளவுதான்.”

“அது உங்க ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குத்தானே சரியா வரும் சார்?” என்று உண்மையான மரியாதையோடுதான் கேட்டேன். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஊழியர்கள் வெளியே முகவராக இருக்க விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

எதிர்க்கடை டீ மாஸ்டரைச் சொன்னோம். அவர் ஒரு கையில் பாலும் ஒரு கையில் டிகாக்‌ஷனும் வைத்திருப்பார், தகுதி இல்லை. கடைசியில் ரூபீனாவின் புருஷன் ஃபராஸைச் சொன்னோம். அவன் வேலை பார்த்த மொபைல் கடை மூடிப்போய் வீட்டில்தான் இருந்தான். ராம்குமாருக்கு அவனைப் பற்றிக் கேட்டதுமே பிடித்துப் போயிற்று. “சுத்தமா வேலையே இல்லையா? கூட்டிட்டு வாங்க, தேர்வு வெச்சிடலாம்” என்றார்.

ஆமாம், தேர்வு உண்டு. ஒரு நாற்காலி, ஒரு மேஜை. ராம்குமாரும் இன்னொரு பெரிய அதிகாரியும் எதிரில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். வலியுல்லா உள்ளே வந்து ஒரு கவரை நீட்டுவார். வாங்கிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைக்க வேண்டும். ஃபராஸ் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போவது போல் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கவரை வாங்கினான். கையெழுத்துப் போட்டான். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வாய் சும்மா இல்லாமல், “இன்னா சார் இது?” என்று கேட்டுவிட்டான்.

ராம்குமார் பேனாவை மூடினார். “முகவர் கேள்வி கேட்கக்கூடாது.”

ஃபராஸ் தோற்றுப் போனான். பத்தாம் வகுப்பில் தோற்றபோதுகூட அவன் இவ்வளவு அவமானப்படவில்லை என்று ரூபீனா சொன்னாள்.

“ஒரு சந்தேகம் சார்” என்றேன். “வேலை இல்லாதவர்தான் முகவர் ஆகலாம். ஆனதும் அவருக்கு வேலை கிடைச்சிடுதே. அப்ப தகுதி போயிடாதா?”

“இதைப் பத்தி ஆணையம் ஆழ்ந்து யோசிச்சுது. அதனாலதான் நாங்களே ஓர் ஏற்பாடு பண்ணியிருக்கோம்” என்று ஒரு முகவரியைச் சொன்னார். ஆழ்வார்பேட்டையில் ஒரு முகவர் நிலையம். ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற நிலையம் ஊரிலேயே அது ஒன்றுதான். முதலிலேயே இதைச் சொல்லித் தொலைத்திருந்தால் ஃபராஸுக்குச் சட்டை இஸ்திரி போட்ட கரண்டாவது மிச்சமாகியிருக்கும்.

அந்த நிலையம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் இருந்தது. சுவர் தெரியாத அளவுக்குப் பெயர்ப்பலகைகள். கிரானைட் கம்பெனி, கப்பல் கம்பெனி, விதை கம்பெனி, விமானத்துக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. இத்தனை கம்பெனிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். ஸ்ரீரங்கன் என்று பெயர். மயிலாப்பூர்க்காரர், ஓய்வு பெற்றவர். இத்தனை நிறுவனங்களுக்கும் அவர் ஒருவர்தான் முகவர்.

“வாங்கோ வாங்கோ. ஆத்துல சும்மா உக்காந்துண்டு இருக்கறதுக்கு இங்க வந்து உக்காந்துண்டு இருக்கேன்” என்றார். “எது வந்தாலும் வாங்கிப்பேன். அதுல உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். இதுவரைக்கும் ஒரு நோட்டீஸைத் திருப்பி அனுப்பினது கிடையாது.”

“வந்தா எங்களுக்கு ஃபோன் பண்ணிடுவீங்கள்ல சார்?”

“அது மட்டும் பண்ணப்படாதுன்னு சொல்லியிருக்கா. வாங்கறது ஒரு சேவை, சொல்றது வேற சேவை. இப்போதைக்கு வாங்கறது மட்டும்தான் இருக்கு. சொல்றதும் சீக்கிரம் வரப்போறதாம்.”

“எப்ப வரும்?”

“அதுக்குத் தனியா நோட்டீஸ் அனுப்புவாளாம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் கடையில் முகூர்த்தப் புடவைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் யார் வீட்டுக் கல்யாணம், எந்தத் தேதி என்று சீட்டுக் குத்தியிருந்தது. நாங்கள் வெளியே சுற்றும் ஒவ்வொரு நாளும் ஒரு பெண்ணின் புடவை தைக்காமல் நிற்கிறது. ஒழியட்டும் என்று கையெழுத்துப் போட்டோம். கிரானைட் கம்பெனிக்குக் கீழே எங்கள் கடைப் பெயரையும் ஆணி அடித்து மாட்டினார்கள்.

முகவர் போட்டாயிற்று என்பதற்கான சான்றிதழ் வாங்க நான் அடையாறுக்குப் போனபோது ராம்குமார் என்னைப் பார்க்கவில்லை. எதிரிலேயே நிற்கிறேன், மனிதர் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்கிறார். வணக்கம் சொன்னேன். பக்கத்தில் நின்ற வலியுல்லாவிடம் திரும்பி, “இந்த அம்மாவுக்கு முகவர் வந்தாச்சு. இனிமே நான் இவங்ககிட்ட நேரடியாப் பேசினா விதிமீறல்” என்றார்.

“சார், எல்லாம் சரியாயிடுச்சுல்ல? வேற ஒண்ணும் பாக்கி இல்லியே?”

அவர் எங்கள் கோப்பின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு புன்னகை செய்தார். நான் அதை ஆசீர்வாதம் என்று நினைத்தேன். இப்போது அந்தப் புன்னகையை நினைத்தால் வயிறு எரிகிறது.

படியிறங்கும்போது வலியுல்லா பின்னாலேயே ஓடிவந்தார். “அக்கா, அன்னிக்கு நீங்க வாங்கலியே, அந்த நோட்டீஸ். ஆழ்வார்பேட்டைல குடுத்துட்டேன். கையெழுத்து போட்டு ஷோக்கா வாங்கிக்கினாரு. எனக்கும் டென்ஷன் வுட்டுச்சு.”

ஏஜென்ட் இல்லை என்று சொன்ன நோட்டீஸ்தானே, ஏஜென்ட்டைத்தான் போட்டாயிற்றே, இனி அது வெறும் காகிதம் என்று நினைத்தேன். அவருக்கு நன்றி வேறு சொன்னேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை மதியம் ராம்குமாரே ஆட்களோடு கடைக்கு வந்தார். அரக்கு, மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். எங்களை வெளியே நிறுத்தி ஷட்டரை இறக்கினார்கள். என்ன, ஏது என்று நான் கத்துகிறேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலியுல்லாவிடம் உரக்கப் பேசினார்.

“வலியுல்லா, முகவர் நியமிக்கலைன்னு இந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுத்தோம். பதினைஞ்சு நாளாச்சு, பதில் வரலை. அதனால சீல்.”

“முகவர் போட்டாச்சே! அவர்கிட்டதானே அந்த நோட்டீஸையே கொடுத்தீங்க!”

“வலியுல்லா, முகவர் போட்டது உண்மை. போடலைங்கற நோட்டீஸுக்குப் பதில் சொல்லாததும் உண்மை. ரெண்டும் தனித்தனி. ஒண்ணோட ஒண்ணைக் கலக்கக்கூடாது.”

“எங்க கைக்கு அது வரவே இல்லியே!” என்று ரூபீனா அழுதாள்.

“வரக்கூடாது. வந்திருந்தாதான் தப்பு.”

நான் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். “அப்ப சீலையும் அங்கயே போய் வைங்க! ஆழ்வார்பேட்டைல அந்த நாற்காலிக்கு வைங்க! நோட்டீஸ் வாங்கின ஆள் அங்கல்லா உக்காந்திருக்காரு!”

அவர் பொறுமையாகச் சிரித்தார். “வலியுல்லா, நோட்டீஸ் முகவருக்கு, சீல் நிறுவனத்துக்கு. இதுகூடத் தெரியாம ஜனங்க தொழில் பண்ண வந்துடறாங்க பாரு.”

ஆணையத்துக்குப் பூட்டு வாங்க இன்னும் நிதி ஒப்புதல் வரவில்லையாம். எங்கள் பூட்டையே கேட்டு வாங்கி எங்கள் ஷட்டரில் மாட்டி, சாவியை என்னிடமே கொடுத்துவிட்டு, பூட்டின்மேல் வெள்ளைத் துணியைச் சுற்றி அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஊரார் வீட்டுப் புடவைகள். எங்கள் சரக்கு எரிந்து போனாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன். அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் முகூர்த்தப் பட்டுக்கு என்ன பதில் சொல்வேன்?

அன்று சாயங்காலமே நங்கநல்லூரிலிருந்து அனுப்ரியாவும் அவள் அம்மா தேவானையும் வந்தார்கள். அனுப்ரியாவுக்கு வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். புடவை உள்ளே. தேவானை அந்த அரக்கைத் தொட்டுப் பார்த்தார், இது நிஜந்தானா என்று. பிறகு சந்தில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அனுப்ரியா மட்டும் என்னைப் பார்த்து, “அக்கா, உங்களை நம்பித்தானே கொடுத்தோம்?” என்றாள். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஆழ்வார்பேட்டைக்கு ஓடினோம். ஸ்ரீரங்கன் எங்களைப் பார்த்ததும் பின்னாலிருந்த அட்டைப்பெட்டியிலிருந்து அந்தக் கவரை எடுத்துக் காட்டினார். “பாருங்கோ, எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கேன். பிரிக்கக்கூட இல்லை.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா சார்?” என்று கத்தினேன். “ரெண்டு குடும்பம் சார்! ஒரு பொண்ணோட கல்யாணம் சார்! ஒரு ஃபோன்!”

“சொல்றது என் சேவை இல்லைன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா” என்றார்.

ஆணையம் முகவரிடம் மட்டும்தானே பேசும்? அவரையே ஆட்டோவில் ஏற்றி அடையாறுக்குக் கொண்டுபோனோம். பாவம், வழியெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். ராம்குமார் அவரைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். “வலியுல்லா, இது அலுவலக நேரம். முகவர் அவரோட முகவரியில இருக்கணும். இங்க இருக்கார்னா அங்க இல்ல. அங்க இல்லாதவர் முகவர் இல்ல. முகவரா இல்லாதவரோட நான் பேச முடியாது. இதுக்குத் தனியா ஒரு நோட்டீஸ் தயார் பண்ணு.”

ஸ்ரீரங்கன் நடுங்கிப் போய், “நான் வாங்கிக்கணுமே, சீக்கிரம் கொண்டுபோய் விட்டுடுங்கோ” என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். கொண்டுபோய் விட்டோம்.

அங்கிருந்து தி.நகருக்குத் திரும்பினோம். கடை வாசலில் தேவானை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அனுப்ரியா கையில் மருதாணி வைத்திருந்தாள், அது காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ரூபீனா நேராகப் போய் பூட்டில் சுற்றியிருந்த துணியைப் பிடித்தாள்.

“ரூபீ, உள்ள தூக்கிப் போட்டுருவாங்கட்டி!”

“போடட்டும்க்கா. இன்னா பண்ணிடுவானுங்க, நோட்டீஸ் குடுப்பானுங்களா?”

ஓரத்தில் பல்லால் ஒரு கடி, அப்புறம் ஒரே இழுப்பு. அரக்கு நாலாய் உடைந்து தெறித்தது. நான் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். சந்தே கூடி நின்று ஷட்டரைத் தூக்கிவிட்டது. அனுப்ரியாவின் பட்டில் ஃபால்ஸ் பாதியில் நின்றிருந்தது. அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ரூபீனா அங்கேயே தைத்து முடித்துக் கொடுத்தாள். தேவானை புடவையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, எங்களைத் திட்டவும் இல்லாமல் வாழ்த்தவும் இல்லாமல் ஓடினார்.

வெள்ளிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. விஷயம் கேள்விப்பட்டுப் புடவை கொடுத்தவர்களெல்லாம் பதறிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராம்குமார் வந்தார், தனியாக. வலியுல்லா அன்றைக்கு லீவாம்.

பூட்டைப் பார்த்தார். உடைந்து கிடந்த அரக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தவர், எதையோ நினைத்துக்கொண்டு மூடினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவிடம், “அரசாங்க சீலை உடைச்சிருக்காங்க, இது எவ்வளவு பெரிய குற்றம்னு இவங்ககிட்ட சொல்லுங்க” என்றார்.

“நான் பச்சை லைனிங் வாங்க வந்தேங்க” என்றார் அந்த அம்மா.

நான் துணியை அளந்துகொண்டே இருந்தேன். மனிதரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கவுண்டரை ஓங்கித் தட்டினார். “அம்மா! உங்களைத்தான்! நேராவே சொல்றேன்!”

“எங்ககிட்டப் பேசக்கூடாது சார், விதிமீறல். எதுவா இருந்தாலும் ஆழ்வார்பேட்டைல போய்ச் சொல்லுங்க.”

“அங்க சொன்னா உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கத்தினார்.

ரூபீனா மிஷினை நிறுத்திவிட்டாள். அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தட்டிய கையை எடுக்கவும் தோன்றாமல் நின்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பளாரென்று ஒன்று விட வேண்டும் போலத்தான் இருந்தது. துணியில் இருந்து அவர் கையை நகர்த்தி வைத்துவிட்டு, பச்சை லைனிங் கேட்ட அம்மாவிடம் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டேன்.